முகத்தில் இரண்டு மில்லிமீட்டர்

மூக்கு பெரிதாக இருக்கிறது என்று வருபவரின் முகவாயைத்தான் நல்ல பிளாஸ்டிக் சர்ஜன் முதலில் பார்ப்பார். பக்கவாட்டில் திரும்பி உட்காரச் சொல்வார். நெற்றியில் தொடங்கி, மூக்கின் வேர், நுனி, உதடுகள், முகவாய் என்று கண்ணாலேயே ஒரு கோடு இழுத்துக்கொண்டு வருவார். கோடு முகவாய்க்கு வந்ததும் உள்வாங்கினால், அளவான மூக்கும் பெரிதாகத்தான் தெரியும். அந்த மூக்கைச் செதுக்கிச் சிறிதாக்கினால் முகவாயும் சிறியது, மூக்கும் சிறியது என்றாகி, பக்கவாட்டுத் தோற்றம் முழுவதும் தட்டையாகிவிடும். அதை விட்டு, முகவாயை நான்கைந்து மில்லிமீட்டர் முன்னே கொண்டுவந்தால், கத்தியே படாத மூக்கு தானாக அளவுக்கு வந்து நிற்கும். வீட்டில் இருப்பவர்கள், ‘மூக்கில் என்ன செய்தாய்?’ என்றுகூடக் கேட்கக்கூடும்.

முகவாயை நகர்த்தும் அறுவை சிகிச்சை வெளியே தெரியாமல் நடக்கும். ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஹ்யூகோ ஓப்வெகேசரும் அவருடைய ஆசிரியர் ரிச்சர்ட் டிராவ்னரும் 1957-ல் வெளியிட்ட கட்டுரைகளில், தாடை எலும்பை வாய்க்குள்ளிருந்தே அறுத்து நகர்த்தும் வழிகளை விவரித்தார்கள். கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள மடிப்பில் வெட்டு போடுவார்கள். கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் இருக்கும் சிறு கடைவாய்ப் பற்களின் வேருக்குக் கீழே, எலும்பில் இருபுறமும் ஒவ்வொரு துளை உண்டு. கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு அந்தத் துளை வழியாகத்தான் வெளியே வருகிறது. அதைத் தொடாமல் சில மில்லிமீட்டர் கீழே ரம்பம் போக வேண்டும். அறுபட்ட துண்டின் அடியிலும் பின்னாலும் ஒட்டியிருக்கும் தசைகளைப் பிரிக்கக் கூடாது. அவை வழியாகத்தான் அந்த எலும்புத் துண்டுக்கு ரத்தம் வருகிறது. வேண்டிய அளவு முன்னே நகர்த்தி, சிறு டைட்டானியம் தகடு வைத்து முடுக்கிவிடுவார்கள். எல்லாம் சரியாக நடந்தாலும் கீழுதடு சில வாரங்களோ சில மாதங்களோ மரத்திருக்கும். சிலருக்கு அந்த மரப்பு நிரந்தரமாகவே தங்கிவிடும். நுட்பமான மாற்றம் என்பதால் சின்ன ஆபரேஷன் என்று எண்ணிவிடக் கூடாது. வெளியே தெரியாத மாற்றத்துக்கு உள்ளே நிறைய வேலை உண்டு.

குறை கண்ணில் படுகிற இடம் ஒன்று, அதற்குக் காரணமான இடம் வேறு. இயல்பாகத் தெரியும் முக அறுவை சிகிச்சையின் அறிவியல் பெரும்பாலும் இந்த ஒன்றைப் புரிந்துகொள்வதில்தான் அடங்கியிருக்கிறது என்பது என் முடிவு.

நம் மூளை முகத்தைப் பார்க்கும் விதமே இதற்கு அடிப்படை. இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்து உளவியலாளர் பீட்டர் தாம்சன் 1980-ல் மார்கரெட் தாட்சரின் புகைப்படம் ஒன்றை எடுத்து, கண்களையும் வாயையும் மட்டும் வெட்டித் தலைகீழாக ஒட்டினார். பிறகு முழுப் படத்தையும் தலைகீழாக வைத்துக் காட்டினார். பார்த்தவர்களுக்குப் பெரிய வித்தியாசம் எதுவும் படவில்லை. படத்தை நேராகத் திருப்பியபோதுதான் முகம் பார்க்கச் சகிக்காத கோரமாக இருந்தது. நேரான முகத்தை நாம் கண், மூக்கு, வாய் என்று தனித்தனியாக எண்ணிப் பார்ப்பதில்லை. கண்ணுக்கும் கண்ணுக்கும் உள்ள தூரம், மூக்குக்கும் உதட்டுக்கும் உள்ள இடைவெளி, புருவத்துக்கும் இமைக்கும் உள்ள சாய்வு என்று உறுப்புகளுக்கு இடையிலான உறவையே ஒரே வீச்சில் வாங்கிக்கொள்கிறோம். தலைகீழாக்கினால் அந்தத் திறமை குலைந்துபோகிறது. ஒரு முகத்தில் இரண்டு மில்லிமீட்டர் மாறினால், என்ன மாறியது என்று நம்மால் சொல்ல முடியாது. ஏதோ மாறியிருக்கிறது என்பது மட்டும் உடனே தெரியும். ‘ஆளே மாறிவிட்டாயே’ என்ற பேச்சும் ‘நன்றாகத் தூங்கினாயா, தெளிவாக இருக்கிறாயே’ என்ற பேச்சும் அந்த இரண்டு மில்லிமீட்டர் எந்தப் பக்கம் போனது என்பதைப் பொறுத்தவை.

அந்த உறவுகளுக்கு ஒரு சூத்திரம் இருக்கும் என்று மறுமலர்ச்சிக் கால ஐரோப்பிய ஓவியர்கள் நம்பினார்கள். முகத்தின் நீளம் நெற்றி, மூக்கு, கீழ்முகம் என்று மூன்று சம பங்கு. இரு கண்களுக்கு நடுவே சரியாக இன்னொரு கண் அகலம். இந்த விதிகள் மருத்துவப் புத்தகங்களுக்குள்ளும் வந்துசேர்ந்தன. கனடாவின் டொரொன்டோவில் லெஸ்லி ஃபார்காஷ் என்ற மருத்துவர் அளவுகோலை எடுத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான முகங்களை அளந்தார். 1985-ல் அவரும் சகாக்களும் வெளியிட்ட கட்டுரை, வட அமெரிக்க வெள்ளையரிடமே அந்த விதிகள் பெரும்பாலும் பொருந்தவில்லை என்று காட்டியது. மூன்று பங்கும் சமமாக உள்ள முகம் அவர்களிடையே மிக அரிது. மற்ற இனத்தவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மூக்கு நுனியிலிருந்து முகவாய்க்கு ஒரு கோடு போட்டால் உதடுகள் அதற்குப் பின்னால் நிற்க வேண்டும் என்று ராபர்ட் ரிக்கெட்ஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் ஒரு கோட்டை வகுத்தார். நம் ஊர் முகங்களில் உதடுகள் அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டோ தாண்டியோ நிற்பது சர்வ சாதாரணம். அதைக் குறையென்று எண்ணித் திருத்தப் புகுந்தால் அது வேறு யாரோ ஒருவருடைய முகமாகிவிடும். தங்க விகிதம் என்று சொல்லி ஒரு முகமூடியை நம் முகத்தின் மீது வைத்து அளந்து காட்டும் விளம்பரங்களை எனக்குத் துளியும் பிடிக்காது. அழகுக்கு ஒரே ஒரு எண் போதும் என்று சொல்ல உறுதியான சான்று எதுவும் இல்லை.

நம் முகத்தை நாமே பார்க்கும் வழியும் நம்பத்தகுந்ததல்ல. 1977-ல் தியோடர் மீட்டா என்ற உளவியலாளரும் சகாக்களும் செய்த எளிய சோதனை ஒன்று உண்டு. கல்லூரி மாணவியர் சிலரின் புகைப்படத்தை இரண்டு விதமாக அச்சிட்டார்கள்: ஒன்று உள்ளபடி, மற்றொன்று இடவலமாகத் திருப்பி. படத்தில் இருந்த பெண்களுக்குப் பெரும்பாலும் திருப்பிய படம்தான் பிடித்தது. அவர்களின் தோழிகளுக்கு உள்ளபடியான படம் பிடித்தது. கண்ணாடியில் பார்த்துப் பழகிய முகம் நமக்கு. நேரில் பார்த்துப் பழகிய முகம் மற்றவர்களுக்கு. யாருடைய முகமும் இருபுறமும் ஒன்றுபோல இல்லாததால்தான் இந்த வேறுபாடே வருகிறது. இப்போது கைபேசியும் சேர்ந்துவிட்டது. செல்ஃபி எடுக்கும்போது கேமரா முகத்துக்கு ஓரடி தூரத்தில் இருக்கிறது. கேமராவுக்கு மிக அருகில் இருப்பது மூக்கு. ஐந்தடி தள்ளி நின்று எடுக்கும் படத்தோடு ஒப்பிட்டால், ஓரடியில் மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2018-ல் கணக்கிட்டுக் காட்டினார்கள். செல்ஃபியைக் காட்டி மூக்கைக் குறைக்கச் சொல்பவர், உண்மையில் லென்ஸின் தூரத்தைத்தான் குறையாகக் காட்டுகிறார்.

அழகு அறுவை சிகிச்சையின் வரலாற்றில் ஜெர்மனியின் ஜாக் ஜோசப்புக்குத் தனி இடம் உண்டு. எலும்பு மருத்துவராகப் பெர்லினில் வேலை பார்த்தவர். 1896-ல் ஒரு சிறுவனை அவனுடைய தாய் அழைத்து வந்தாள். காதுகள் இரண்டும் விரிந்து நின்றதால் மற்ற பிள்ளைகள் கேலி செய்ய, பையன் பள்ளிக்கூடம் போகவே மறுத்தான். ஜோசப் காதைச் சரிசெய்தார். நோயில்லாத உடம்பில் கத்தி வைத்ததற்காக அவர் வேலை பார்த்த மருத்துவமனை அவரை வெளியே அனுப்பியது. இரண்டு ஆண்டுகளில், பெரிய மூக்கால் ஊராரின் பார்வைக்கு அஞ்சி ஒதுங்கியிருந்த ஓர் இளைஞருக்கு மூக்கைக் குறைத்து, 1898-ல் பெர்லின் மருத்துவச் சங்கத்தில் அதை விளக்கினார். அந்த இளைஞர் அழகாகிவிட்டார் என்று ஜோசப் பெருமைப்படவில்லை. யாரும் தன்னைத் திரும்பிப் பார்க்காமல் தெருவில் நடக்க முடிகிறதே என்று அந்த இளைஞர் அடைந்த நிம்மதியைத்தான் குறிப்பிட்டார். இந்தத் துறைக்கு இதைவிடச் சரியான இலக்கு ஒன்றை நான் எங்கும் காணவில்லை.

பின்னால் வந்த தலைமுறை அதை மறந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் மூக்கு ஆபரேஷன் ஒரு மோஸ்தராகவே ஆனபோது, தண்டு குழிந்து நுனி மேல்நோக்கிய ஒரே அச்சு மூக்கு பல முகங்களில் ஏறியது. அது இயல்பாகத் தெரியவில்லை என்பது ஒரு பக்கம். அதைவிட மோசமாக, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பலருக்கு மூச்சுவிடுவதே சிரமமாயிற்று. காரணம் மூக்கின் கட்டுமானத்திலேயே இருக்கிறது.

மூக்குத் தண்டின் மேல் மூன்றில் ஒரு பங்குதான் எலும்பு. அதற்குக் கீழே குருத்தெலும்பு. நடுவில் இரு துளைகளையும் பிரிக்கும் சுவர் செங்குத்தாக நிற்க, அதன் உச்சியிலிருந்து இருபுறமும் குருத்தெலும்புத் தகடுகள் சரிந்து இறங்குகின்றன. நடுச்சுவரும் பக்கத் தகடும் சேரும் அந்தக் கோணம் 10 முதல் 15 டிகிரிதான். நாம் இழுக்கும் மூச்சுக்கு முழுப் பாதையிலும் மிகக் குறுகலான இடம் அதுவே. தண்டில் மேடு இருக்கிறது என்று உச்சியைச் சீவினால் சுவருக்கும் தகடுக்கும் உள்ள இணைப்பு அறுந்துவிடும். ஆபரேஷன் முடிந்த அன்று மூக்கு அழகாகவே இருக்கும். மாதங்கள் போகப் போகத் தகடுகள் உள்ளே சரியும். எலும்பு முடியும் இடத்தின் விளிம்பு தோலுக்கு அடியில் தெரியத் தொடங்கும். மூக்கின் நடுவில் கிள்ளி எடுத்தது போன்ற நிழல் விழும். சற்றே ஆழமாக மூச்சிழுத்தால் பக்கச் சுவர் உள்ளே ஒட்டிக்கொள்ளும்.

அமெரிக்காவின் ஜாக் ஷீன் இப்படிக் கெட்டுப்போன மூக்குகளைத் திருத்தித் திருத்தியே இந்தக் காரணத்தைத் தெளிவாகக் கண்டார். 1984-ல் அவர் சொன்ன மாற்று எளியது. நடுச்சுவரின் உட்பகுதியிலிருந்து குருத்தெலும்பைத் தீக்குச்சியளவு மெல்லிய இரண்டு கீற்றுகளாக எடுத்து, சுவருக்கும் தகடுகளுக்கும் நடுவே இருபுறமும் செருகித் தைத்துவிட வேண்டும். கோணம் திறந்திருக்கும், தண்டின் கோடும் நேராக இறங்கும். மூக்கைச் சிறிதாக்கும் ஆபரேஷனில் மூக்குக்குள் ஒன்றைச் சேர்ப்பது என்பது அன்றைக்கு யாரும் எதிர்பாராத யோசனை. இன்னொன்றும் அவர் கவனித்தார். சிலருடைய மூக்கில் மேடு பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் மேடு அல்ல; இரு கண்களுக்கு நடுவே மூக்கின் வேர் அதிகம் பள்ளமாக இருப்பது. அந்தப் பள்ளத்தில் குருத்தெலும்பு கொஞ்சம் வைத்தால் போதும், மேட்டைத் தொடவே வேண்டியதில்லை, தொட்டாலும் இம்மியளவு தொட்டால் போதும். இன்றைக்குப் பல சர்ஜன்கள் மேட்டின் தோலோடு ஒட்டிய பகுதியை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு அடியில் உள்ள சுவரில் ஒரு கீற்றை எடுத்து, தண்டு முழுவதையும் ஒரே உடலாகக் கீழே இறக்குகிறார்கள். இந்த வழி நூறாண்டுக்கு மேல் பழையது. நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்து இப்போது திரும்பி வந்திருக்கிறது.

நம்மவர் மூக்குக்கு மேலும் ஒரு கணக்கு உண்டு. தென்னிந்தியர் பலருக்கு மூக்கு நுனியின் தோல் தடிப்பு, எண்ணெய்ப்பசை மிக்கது. மஸ்லின் துணிக்கு அடியில் நாணயம் வைத்தால் விளிம்பு துல்லியமாகத் தெரியும். கம்பளிக்கு அடியில் வைத்தால் வெறும் மேடாகத்தான் தெரியும். நுனி குண்டாக இருக்கிறது என்று உள்ளே இருக்கும் குருத்தெலும்பைச் செதுக்கினால், தடித்த தோல் அந்த அளவுக்குச் சுருங்கி ஒட்டாது. தோலுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே வெற்றிடமாகி, அங்கே தழும்புத் திசு வளர்ந்து, நுனி முன்பைவிட உருண்டையாகும். ஆகவே தடித்த தோல் உள்ள மூக்கில் உள்கட்டுமானத்தைப் பலப்படுத்தித்தான் ஆக வேண்டும். நடுச்சுவருக்கு முட்டுக்கொடுத்து நுனியைச் சற்று முன்னே நிறுத்தினால், தோல் அதன் மீது விரிந்து உருவம் தெளிவாகும். மூக்கு அரை மில்லிமீட்டர் பெரிதாகியும் பார்ப்பவருக்குச் சிறிதாகத் தெரியும். நாசித் துவாரங்களின் அகலத்தைக் குறைக்கும் வெட்டு வேறு வகை. மூக்கின் இறக்கையும் கன்னமும் சேரும் மடிப்பில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் எடுப்பார்கள். அதிகம் எடுத்துவிட்டால் திரும்ப வைக்க வழியில்லை. கருத்த தோலில் தழும்பு தடிக்கும் வாய்ப்பும் நிறம் மாறும் வாய்ப்பும் அதிகம். காது குத்திய இடத்தில் கட்டிபோல் தழும்பு வளர்ந்த அனுபவம் உண்டா என்று மருத்துவர் கேட்பது இதனால்தான். மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

வயதான முகத்தின் கதையும் இதே போக்குடையதுதான். கன்னம் தொங்குகிறது, ஆகவே தோலை இழுத்துத் தைக்கலாம் என்பதே முதல் எண்ணம். இருபதாம் நூற்றாண்டில் நெடுங்காலம் அதைத்தான் செய்தார்கள். காதுக்கு முன்னால் தோலைத் திறந்து, இழுத்து, மிச்சத்தை வெட்டி, தைத்தார்கள். தோல் இழுபடும் இயல்புடையது. சில மாதங்களில் மறுபடி தளரும். தளராதபடி இன்னும் இறுக்கினால் வாயோரம் அகன்று, காதுமடல் கீழே இழுபட்டு, எதிர்க்காற்றில் நிற்பவரைப் போன்ற முகம் வந்துவிடும். 1976-ல் விளாடிமிர் மிட்ஸ், மார்ட்டின் பெய்ரோனி என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்கள் தோலுக்கும் கொழுப்புக்கும் அடியில், முகத்தசைகளோடு பின்னிய நார்ப்படலம் ஒன்றை விவரித்தார்கள். கழுத்துத் தசையோடும் நெற்றிப் பகுதியின் படலத்தோடும் தொடர்ச்சியாக ஓடுவது அது. தோல் அதன் மீது படுத்திருக்கிறது, அவ்வளவே. படலத்தை மேலே தூக்கித் தைத்தால், தோல் இழுவிசை எதையும் தாங்காமல் தளர்வாக அமரும். தழும்பும் மெல்லிய கோடாக ஆறும். 1990-ல் சாம் ஹாம்ரா என்ற அமெரிக்கர் இன்னும் ஆழமாகப் போய், படலத்தைத் தோலோடு சேர்த்தே ஒரே துண்டாகத் தூக்கும் முறையை எழுதினார்.

ஆழம் போகப் போக ஆபத்தும் கூடுகிறது. முகத்தை அசைக்கும் நரம்பு காதுக்கு முன்னால் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் ஐந்து கிளைகளாகப் பிரிந்து, இந்தப் படலத்துக்கு அடியில் விசிறிபோல் ஓடுகிறது. தாடை விளிம்பையொட்டிப் போகும் கிளை நூலளவு மெல்லியது. அது அடிபட்டால் சிரிக்கும்போது கீழுதட்டின் ஒரு பக்கம் மட்டும் இறங்காது, சிரிப்பு கோணிப்போகும். வேறு எந்தத் தழும்பையும்விட முகத்தின் இயல்பைக் கெடுப்பது கோணிய சிரிப்பு. ஆகவே இந்த ஆபரேஷன் யார் கையில் என்பது, என்ன ஆபரேஷன் என்பதைவிட முக்கியம்.

முகம் தொங்குவது மட்டுமல்ல, வற்றவும் செய்கிறது. கொழுப்பு கன்னத்தில் ஒரே திட்டாக இல்லை, தனித்தனி அறைகளாக இருக்கிறது என்று ராட் ரோரிச்சும் ஜோயல் பெஸ்ஸாவும் 2007-ல் காட்டினார்கள். வயதாகும்போது சில அறைகள் சுருங்குகின்றன. கண்குழியின் எலும்பு விளிம்பு அகல்கிறது, மேல்தாடை பின்வாங்குகிறது. கண்ணுக்குக் கீழே பை தொங்குகிறது என்று அங்குள்ள கொழுப்பை வெட்டி எறிந்த பழைய முறை, சில ஆண்டுகளில் குழிவிழுந்த கண்களைத் தந்தது. இப்போது அதே கொழுப்பை வெட்டாமல் கீழே உள்ள பள்ளத்துக்கு நகர்த்திப் பரப்புகிறார்கள்.

இந்த அறிவு பகட்டுக்காரர்களின் விஷயம் என்று நினைப்பவர்களுக்கு வேலூரைச் சொல்ல வேண்டும். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் முடங்கிய விரல்களை நிமிர்த்தியதற்காக உலகப் புகழ் பெற்றவர். கையைச் சரிசெய்து, மருந்தால் கிருமியும் ஒழிந்த பிறகும், அவர்கள் வீடு திரும்ப முடியவில்லை. முகம் காட்டிக்கொடுத்தது. புருவம் உதிர்ந்திருந்தது, மூக்கு அமுங்கியிருந்தது. தொழுநோய்க் கிருமி உடம்பின் குளிர்ந்த பகுதிகளில் பெருகுவது. மூக்கின் உட்சவ்வை அரித்து, உள்ளே இருக்கும் குருத்தெலும்பைத் தின்றுவிடும். ஆறும்போது தழும்பு சுருங்கி மூக்கை உள்ளே இழுத்துவிடும். நெற்றித் தோலைத் திருப்பி மூக்கு செய்யும் பழைய இந்திய முறை, நெற்றியில் தழும்பை விட்டுச் செல்லும். பிளாஸ்டிக் சர்ஜன் ஹரால்டு கில்லீஸ் முதலியோர் கண்டது வேறு: மூக்கின் வெளித்தோல் குறையின்றி இருக்கிறது, கெட்டது உட்புறம் மட்டுமே. மேலுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே வழி திறந்து, உள்ளே இழுத்துப் பிடித்த தழும்பை விடுவித்து, அங்கே வேறிடத்து மெல்லிய தோலை ஒட்டி, உள்ளிருந்து தாங்கு கொடுத்தால், மூக்கு தன் பழைய தோலோடு நிமிரும். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. புருவத்துக்குத் தலைமுடியுள்ள தோலில் ஒரு கீற்றை, அதன் ரத்தக் குழாய் அறாமல், நெற்றித் தோலுக்கு அடியில் சுரங்கம்போல் வழி செய்து கொண்டுவந்து பொருத்தினார்கள். தலைமுடி என்பதால் அது வளர்ந்துகொண்டே இருக்கும், கத்தரிக்க வேண்டும். சிலர் கத்தரிக்க மறுத்து, நீளமாக வளர்த்துப் பெருமையோடு திரிந்தார்கள் என்று பிராண்ட் எழுதியிருக்கிறார். படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும் செய்தி அது.

கத்தி உதவாத இடமும் உண்டு. இல்லாத குறையையோ யார் கண்ணுக்கும் படாத குறையையோ நாளெல்லாம் கண்ணாடியில் தேடித் தவிக்கும் மனநோய் ஒன்று இருக்கிறது. மக்களில் சுமார் 2 சதவீதத்தினரிடம் இது காணப்படுகிறது. அழகு அறுவை சிகிச்சைக்கு வருபவர்களிடம் இந்த விகிதம் இன்னும் அதிகம். இவர்களுக்கு ஆபரேஷன் எவ்வளவு நன்றாக நடந்தாலும் திருப்தி வருவது அரிது. தவிப்பு வேறோர் உறுப்புக்கு இடம் மாறும். இவர்களுக்கு வேண்டியது மனநல மருத்துவம். ‘உங்களுக்கு இது தேவையில்லை’ என்று சொல்லத் தெரிந்த சர்ஜனிடம்தான் முகத்தைக் கொடுக்கலாம்.

செய்துகொள்பவருக்கும் பொறுமை வேண்டும். மூக்கின் மேல் வைத்த அட்டையை ஒரு வாரத்தில் எடுத்துவிடுவார்கள். கண்ணைச் சுற்றிய ரத்தக்கட்டு இரண்டு வாரத்தில் மறையும். ஆனால் நுனியின் வீக்கம் முழுக்க வடிய ஓராண்டு ஆகும், தடித்த தோலில் அதற்கு மேலும் ஆகும். காலையில் பெரிதாகவும் மாலையில் சற்று வடிந்தும் இருக்கும். அதனால்தான் மூன்றாம் மாதத்தில் வந்து, ‘இன்னும் கொஞ்சம் குறைத்துவிடுங்கள்’ என்று கேட்பவரிடம் மருத்துவர் புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த ஆண்டு இதே மாதம் வரச் சொல்லி அனுப்புகிறார்.